நம்பர் பொருந்திவிட்டது என்று பழைய பாகத்தைத் தூக்கி எறியாதீர்கள்

போன வாரம் ஒரு தம்பி தன் லூகர் பிஸ்டலை, அந்தக் காலத்து ஜெர்மன் ராணுவத் துப்பாக்கியை, என் மேசைமேல் வைத்தார். "அண்ணே, எல்லா நம்பரும் இப்ப மேட்ச் ஆயிடுச்சு" என்றார், முகமெல்லாம் சிரிப்பு. இந்த வருஷம் இதே பேச்சோடு இந்தப் பட்டறைக்குள் வந்த நான்காவது ஆள் அவர்.

பெர்லினில் டி.டபிள்யூ.எம். என்ற ஆயுத ஆலை 1916-ல் செய்த பிஸ்டல். அதன் மேல்பாகத்தில் 1916, கூடவே 1920 என்று இரண்டு ஆண்டுகள். தொடர் எண் 47-ல் முடிகிறது; அந்தக் கடைசி இரண்டு இலக்கங்கள்தான் சிறு பாகங்களிலும் இருக்க வேண்டும். அவர் வாங்கியபோது இடப்பக்கத்தை மூடும் தகடான சைடு பிளேட்டில் 82 என்ற எண்ணைக் கோடிட்டு அடித்து, பக்கத்தில் 47 பொறித்திருந்ததாம். அசிங்கமாக இருக்கிறதே என்று வேறொரு பிளேட் வாங்கி, 47 அடித்து மாட்டிவிட்டார். பழையது குப்பையோடு போய்விட்டது.

எனக்கு வயிறு எரிந்தது. முதல் உலகப் போருக்குப் பிறகு ஜெர்மன் ராணுவத்தை ஒரு லட்சம் பேராகச் சுருக்கினார்கள். அரசின் கையில் இருந்த ஆயுதங்களில் அடையாளத்துக்காக 1920 என்று பொறித்தார்கள். ராணுவப் பட்டறைகளில் பழுதுபார்க்கும்போது ஒன்றின் பாகத்தை இன்னொன்றில் போட்டு, பழைய எண்ணை அடித்துவிட்டுப் புதிய எண் போடுவதும் உண்டு. அவருக்கு அசிங்கமாகப் பட்ட அந்தக் கோடுதான் அந்த பிஸ்டலின் வரலாறு.

நம்பர் ஒன்றாக இருந்தால் ஒரிஜினல் என்ற நினைப்பை முதலில் விடுங்கள். அந்தக் காலத்து ஆலையில் ஒவ்வொரு சிறு பாகத்தையும் அரத்தால் தேய்த்துத் தேய்த்து அந்தந்த பிஸ்டலுக்குப் பொருத்தினார்கள். அப்புறம் பதம் ஏற்றவும் கருநீல மெருகு போடவும் பாகங்களைப் பிரிக்க வேண்டும். திரும்ப அதே பிஸ்டலுக்கு வந்து சேரத்தான் கடைசி இரண்டு இலக்கங்களை அடித்தார்கள். முதலில் பொருத்தம், அதற்குப் பிறகுதான் எண். இன்றைக்கு யாரோ பஞ்ச் வைத்து 47 என்று தட்டினால் அந்தப் பொருத்தம் எங்கிருந்து வரும்? சைடு பிளேட்டுக்குள் இருக்கும் சின்ன நெம்புகோல்தான் விசையின் (டிரிகர்) இழுப்பை மேலே கடத்துகிறது. தம்பியின் பிஸ்டலில் விசை சொரசொரவென்று வந்து பாதியில் நின்றது.

பிளேட்டைப் பத்து மடங்கு லென்ஸில் வைத்தேன். 47-ன் ஓரங்களில் உலோகம் பிதுங்கி நின்றது. சுற்றிலும் கறுப்பு, எண்ணின் பள்ளத்தில் மட்டும் வெள்ளி மினுக்கல். ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால், பிளேட்டில் தெரிந்த ஜன்னல் கம்பியின் பிம்பம் அந்த இடத்தில் வளைந்தது. வேறொரு எண்ணைச் சாணையில் அழித்த குழி அது. அதாவது இன்னொரு பிஸ்டலின் அசல் பாகமும் இதில் பாழ்.

ஜெர்மனியின் எர்ஃபுர்ட் அரசு ஆயுத ஆலையின் லூகர் என்றால் இன்னும் கவனம். அங்கே குட்டிக் குட்டிப் பாகங்களில்கூட கிரீடம் போட்ட சோதனை முத்திரை இருக்கும்; பாகத்தை மாற்றினால் அதுவும் போய்விடும்.

விசையும் சில நெம்புகோல்களும் வைக்கோல் மஞ்சளாகத் தெரிந்தால் அது துரு இல்லை, சூடேற்றி வந்த நிறம். உப்புத்தாளைத் தொடவே தொடாதீர்கள். மறுமெருகும் வேண்டாம். தோல் உறையில் வருஷக்கணக்கில் போட்டு வைக்காதீர்கள், தோலே துருவைக் கொண்டுவரும்.

சுட்டுப் பார்க்க ஆசையா? ஃபயரிங் பின் (குண்டைத் தட்டும் ஊசி), எக்ஸ்ட்ராக்டர் (வெற்றுக் கூட்டை இழுக்கும் கொக்கி), ஸ்பிரிங் மூன்றுக்கும் புதியவற்றைப் போட்டுக்கொள்ளுங்கள், தப்பே இல்லை. கழற்றிய அசலை எண்ணெய் தடவி, தேதி எழுதிய கவரில் பிஸ்டலோடு வையுங்கள். விற்கும்போது எதை மாற்றினீர்கள் என்று சொல்லிவிடுங்கள்.

முக்கியமான ஒன்று. லூகரின் மேல்பாகத்தைத் தனியாகக் கழற்றிய பிறகும், குழலின் பின்னால் குண்டு உட்காரும் அறையில் குண்டு இருந்தால் பக்கவாட்டுக் கம்பியில் விரல் பட்டாலே வெடிக்கும். மேகசினை எடுத்தீர்களா, அறையைக் கண்ணால் பார்த்தீர்களா, விரலாலும் தடவினீர்களா? அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம்.

பொருந்தாத எண் ஒன்று கண்ணில் பட்டால், தயவுசெய்து கழற்றாமல் நாலு பக்கமும் படம் எடுத்து அனுப்புங்கள். காசு வேண்டாம், பார்த்துச் சொல்கிறேன்.