ஒரே இரவில் பச்சையான ஏரி

கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்திலிருந்து வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். ஆகஸ்ட் மாதச் சனிக்கிழமை மாலையில் பஃபலோ பவுண்ட் ஏரியில் குடும்பத்தோடு கயாக் ஓட்டினாராம். நல்ல காற்று, சிற்றலைகள், சற்றே கலங்கலான நீர். மறுநாள் விடிந்ததும் போனால் காற்று அடங்கியிருந்தது. ஏரியின்மேல் பச்சை பெயின்ட்டைக் கொட்டியதுபோல் ஒரு படலம். துடுப்பு கிழித்த இடத்தில் கறுத்த நீர் கோடாகத் தெரிந்து, மெல்ல மூடிக்கொண்டதாம். “ஒரே இரவில் இவ்வளவு பாசி எப்படி வளர்ந்தது?” என்று கேட்கிறார்.

வளரவில்லை. மாலையில் அவருடைய கயாக்கின் அடியிலேயே அநேகமாக அத்தனையும் இருந்தது. இரவில் மேலே மிதந்து வந்திருக்கிறது.

பிரேரிப் புல்வெளியின் பள்ளத்தாக்கு ஒன்றில் ஒடுங்கி நீண்டு கிடக்கும் ஏரி அது. அணை கட்டி நீர்மட்டத்தை உயர்த்தியதால் நீர்த்தேக்கமாகவும் இருக்கிறது. ரெஜைனா, மூஸ் ஜா நகரங்களுக்குக் குடிநீர் இங்கிருந்துதான் போகிறது. நீளம் சுமார் 30 கி.மீ., சராசரி ஆழமோ 4 மீட்டர்கூட இல்லை. வயல் உரமும் கால்நடைச் சாணமும் சேர்க்கும் பாஸ்பரஸ், ஆழமற்ற வெதுவெதுப்பான நீர், நீண்ட கோடைப் பகல் என நீலப்பசும்பாசிக்கு வேண்டியதெல்லாம் இங்கே உண்டு. பெயரில் பாசி என்றாலும் அது பாக்டீரியாதான்.

பாக்டீரியா எப்படி மிதக்கும்? நான் வியந்து தீராத இடம் இதுதான். அதன் செல்லுக்குள் நூற்றுக்கணக்கில் நுண்ணிய உருளைகள் இருக்கின்றன. இரு முனையும் பென்சில்போல் கூராக்கிய வெற்றுக் கூடுகள். சுவர் முழுக்கப் புரதம், தடிமன் சுமார் 2 நானோமீட்டர். உள்ளே வாயு இருக்கிறது, ஆனால் யாரும் ஊதி நிரப்பியதில்லை. கூடு கட்டப்படும்போதே அதன் உட்புறம் எண்ணெய் பூசியதுபோல் தண்ணீரை ஒட்டவிடாது. வாயு மூலக்கூறுகளோ சுவர் வழியே தாராளமாகப் போய்வரும். தண்ணீர் நுழைய முடியாத இடத்தில், தண்ணீரில் கரைந்திருந்த வாயு தானாகக் குடியேறுகிறது. பம்பும் இல்லை, வால்வும் இல்லை!

1895-இல் கிளேபான் என்ற ஜெர்மானியத் தாவரவியலாளர் இதை ஒரு சுத்தியலால் காட்டினார். மிதக்கும் பாசியோடு புட்டியை விளிம்புவரை நிரப்பி, கார்க்கால் இறுக மூடி, கார்க்கின்மேல் ஓங்கி அடித்தார். அழுத்தம் தாளாமல் கூடுகள் நசுங்கின. மிதந்த பாசி அடியில் போய்ப் படிந்தது. நசுங்கிய கூடு மறுபடி உப்பாது. செல் புதிதாகத்தான் கட்ட வேண்டும்.

பகலில் ஒளிச்சேர்க்கையால் சேரும் மாவுப்பொருள் செல்லுக்குப் பாரமாகிறது. இரவில் அதைச் செலவழித்ததும் கூடுகளின் தூக்குவிசை வெல்கிறது. தனிச் செல் ஏறுவது நத்தை வேகம்தான். ஆனால் ஏறும் வேகம் விட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும் என்பதால், நூற்றுக்கணக்கான செல்கள் பிசினில் ஒட்டித் திரண்ட கூட்டம் ஓர் இரவுக்குள் மேலே வந்துவிடும். மாலைக் காற்று அவற்றை ஏரி முழுக்கக் கலக்கி மறைத்திருந்தது. காற்று நின்றதும் எல்லாம் மேலே கூடிவிட்டன.

பாஸ்பரஸின் குற்றத்தை ஐயமின்றி நிறுவியதும் கனடாதான். 1973-இல் ஒன்டாரியோவில், 226 என்ற எண் கொண்ட ஏரியைத் திரையால் இரண்டாகத் தடுத்து, இரு பாதிக்கும் கார்பனும் நைட்ரஜனும் இட்டார்கள் ஏரிகளை ஆராய்ந்த அறிவியலாளர் டேவிட் ஷிண்ட்லரின் குழுவினர். ஒன்றில் மட்டும் பாஸ்பரஸும் சேர்த்தார்கள். அந்தப் பாதி மட்டும் பச்சையானது. வானிலிருந்து எடுத்த அந்தப் படம், சலவைத்தூளில் பாஸ்பேட்டைக் கட்டுப்படுத்த வேண்டும் என்ற வாதத்துக்குப் பெரும் பலமாயிற்று. அந்த ஏரி அடங்கிய இப்பேர்ப்பட்ட ஆய்வுக்களத்துக்கு இனிப் பணமில்லை என்று 2012-இல் மத்திய அரசு அறிவித்தது. 2014-இல் ஒரு தனி நிறுவனம் பொறுப்பேற்றதால்தான் அது பிழைத்தது. ஒரு முழு ஏரியையே சோதனைக்குழாயாக்கும் வசதி உலகில் மிக அரிது. அதைச் செலவுக் கணக்கில் சேர்த்து வெட்டியதை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை.

வாசகிக்கு: இந்தப் படலம் கண்டால் குழந்தைகளையும் நாயையும் நீரில் இறக்காதீர்கள். இவற்றில் பல இனங்கள் ஈரலைத் தாக்கும் நஞ்சைச் சுரக்கின்றன. கொதிக்கவைத்தால் போய்விடும் என்று நம்புகிறவர்கள் உண்டு, போகாது. ஐயம் வந்தால், ரப்பர் கையுறை அணிந்து, ஒரு கண்ணாடிப் புட்டியில் ஏரிநீரை முக்கால் அளவு எடுத்து மூடி, ஓர் இரவு அசையாமல் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். சாதாரணப் பச்சைப்பாசி பெரும்பாலும் அடியில் தங்கும். மேற்பரப்பில் பச்சை வளையம் கட்டியிருந்தால், அந்த வெற்றுக் கூடுகள் வேலை செய்திருக்கின்றன.