ஊரில் சொட்டுநீர் போட இங்கிருந்து காசு அனுப்பும் முன்

வடகிழக்குப் பருவமழை ஒரு வருஷம் ஏமாற்றுகிறது, மறு வருஷம் நாலே நாளில் கொட்டித் தீர்த்துவிட்டுப் போகிறது. சிங்கப்பூரில் வேலை பார்க்கிறவர்களுக்கு ஊரிலிருந்து வரும் போனில் "போர்ல தண்ணி இறங்கிப்போச்சு" என்பது வழக்கமான பேச்சாகிவிட்டது. நாமும் தேக்காவில் வரிசையில் நின்று காசு அனுப்புகிறோம். இன்னொரு போர் போடுகிறார்கள். இருக்கிற தண்ணீரையே சொட்டுநீரில் பாய்ச்ச அரசு மானியம் இருப்பதை அதற்கு முன் பார்த்துவிடுவது நல்லது.

மத்திய அரசின் நுண்ணீர்ப் பாசனத் திட்டத்தோடு தமிழக அரசும் தன் பங்கைச் சேர்த்து, 5 ஏக்கர் வரை நிலம் உள்ள சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதமும் மற்றவர்களுக்கு 75 சதவீதமும் மானியம் தருகிறது. சொட்டுநீர், தெளிப்புநீர், மழைத்தூவான் (ரெயின் கன்) மூன்றும் இதில் அடக்கம். ஆனால் நூறு சதவீதம் என்பது கடைக்காரர் சொல்லும் விலைக்கு அல்ல. பயிரின் இடைவெளியைப் பொறுத்து அரசு ஒரு விலை வைத்திருக்கிறது. அதற்கு மேல் ஆகும் செலவு நம் கையைவிட்டுத்தான் போகும்.

இங்கிருப்பவர்கள் சறுக்குவது எதை முதலில் செய்வது என்பதில்தான். முதலில் விண்ணப்பம், பிறகு வேலை. நாமே டியூப் வாங்கிப் போட்டுவிட்டு ரசீதைக் காட்டினால் மானியம் வராது. தமிழக அரசின் உழவன் செயலியிலோ வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்திலோ பதிய வேண்டும். கரும்பு போன்ற வேளாண் பயிர் என்றால் வேளாண்மைத் துறை. அங்கீகரித்த கம்பெனிகளில் ஒன்றை நாமே தேர்ந்தெடுக்கலாம். அவர்கள் வயலை அளந்து வரைபடமும் மதிப்பீடும் தருவார்கள். பணி ஆணை வந்த பிறகுதான் குழாய் இறங்கும். அதிகாரிகள் வந்து சரிபார்த்ததும் மானியம் நேராகக் கம்பெனிக்குப் போய்விடும். ஆகவே "முதல்ல முழுப் பணத்தையும் கட்டுங்க, அப்புறம் வாங்கித் தர்றோம்" என்று யாராவது சொன்னால் அலுவலகத்தில் விசாரியுங்கள்.

கேட்கும் தாள்கள்: சிட்டா (நிலம் யார் பெயரில் என்ற பதிவு), அடங்கல் (என்ன பயிர் என்ற கிராமப் பதிவு), நில வரைபடம், ஆதார், வங்கிப் புத்தக நகல், புகைப்படம். முழு மானியத்துக்கு வட்டாட்சியர் தரும் சிறு, குறு விவசாயி சான்றும் வேண்டும். பல வீடுகளில் பட்டா இன்னும் தாத்தா பெயரிலேயே கிடக்கிறது, அல்லது கூட்டுப் பட்டாவாக இருந்து பெரியப்பா மகனின் சம்மதம் தேவைப்படுகிறது. அப்பா பெயருக்குப் பட்டா மாறாமல் விண்ணப்பம் நகராது. சிட்டாவை இணையத்திலேயே பார்க்கலாம் என்பதால் அதில் யார் பெயர் இருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். பெயர் மாற்றும் வேலையைத் தீபாவளி லீவுக்கு ஊருக்குப் போகும்போது முடித்துவிட்டால் பாதிக் கவலை தீரும்.

பழைய மோட்டார் இழுக்கவில்லை என்றால் துணை நீர் மேலாண்மைத் திட்டத்தில் மோட்டார் விலையில் பாதி, அதிகபட்சம் 15,000 ரூபாய் தருகிறார்கள். சொட்டுநீர் போடுகிறவர்களுக்கு மட்டும்தான் இது.

போட்ட பிறகு வடிகட்டியைக் கழுவாமல் விட்டால், உப்புத் தண்ணீர் ஊர்களில் சொட்டும் துளைகள் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். அதே நிலத்துக்கு மறுபடி மானியம் கேட்க 7 வருஷம் ஆக வேண்டும். அதுவரை அந்தக் குழாயை வைத்துத்தான் ஓட்ட வேண்டும்.