டயர்த் தூளும் பிளாஸ்டிக்கும் ஒட்டுமா?

பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கில் பாதிக்குப் பாதி டயர்த் தூளைக் கலந்து வார்த்த பட்டையை முதன்முதலாக இழுவைச் சோதனையில் மாட்டியது நன்றாக நினைவிருக்கிறது. ரப்பர் இருக்கிறதே, நீளும் என்று எதிர்பார்த்தேன். பட்டென்று முறிந்தது. முறிந்த முகத்தை நுண்ணோக்கியில் பார்த்தபோது காரணம் தெரிந்தது. ரப்பர் துகள்கள் பெயர்ந்து போன இடங்களில் வழவழப்பான குழிகள். பிளாஸ்டிக் ஒரு துகளைக்கூடப் பற்றிக்கொள்ளவில்லை.

1839இல் சார்லஸ் குட்இயர் ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கி உறுதியாக்கும் வழியைக் கண்டறிந்தார். ரப்பரின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளைக் கந்தகம் குறுக்கே பிணைத்துவிடுகிறது. டயர் உழைப்பதும் அதனால்தான், தேய்ந்த டயர் உருக மறுப்பதும் அதனால்தான். பிளாஸ்டிக் உருகி ஓடும்போது அதற்குள் ரப்பர் துகள் மணல்போல் கிடக்கிறது. அப்படியே விட்டால் அது வெறும் நிரப்பி.

தூளை நுண்மையாக்கினால் நிலைமை ஓரளவு மேம்படும். திரவ நைட்ரஜனில் உறையவைத்து நொறுக்கினால் நுண்ணிய தூள் கிடைக்கும். ஆனால் துகளின் முகம் வழுவழுப்பாகிவிடும். சாதாரண வெப்பநிலையில் அரைத்த தூள் சொரசொரப்பானது, பிடிமானத்துக்கு நல்லது. என் அனுபவத்தில் அதைவிட முக்கியம், கந்தகப் பிணைப்புகளை ஓரளவு அவிழ்ப்பது. கார்பன் பிணைப்பைவிடக் கந்தகப் பிணைப்பு வலுக் குறைந்தது. பிளாஸ்டிக்கை உருக்கிப் பிசைந்து தள்ளும் எந்திரமான எக்ஸ்ட்ரூடரின் இரட்டைத் திருகுகள் தரும் சூடும் கசக்கலும் அதை முதலில் அறுக்கும். சூடு மிஞ்சினால் சங்கிலியே துண்டாகும், ரப்பர் பிசுபிசுத்துப் போகும். பக்குவம் தவறக் கூடாத இடம் இது. அவிழ்ந்த தூளோடு ஈபிடிஎம் என்ற செயற்கை ரப்பரையும் புதிதாகக் கொஞ்சம் சேர்த்தால் அது துகளைப் போர்த்திக்கொண்டு, துகளுக்கும் பிளாஸ்டிக்குக்கும் பாலமாகிறது.

தரை விரிப்பு, வேகத்தடை, அதிர்வுத் தாங்கி ஆகியவற்றுக்கு இந்தக் கலவை ஏற்றது. உணவுப் பாத்திரமோ குழந்தைகளின் பொம்மையோ செய்ய இதைக் கேட்டு வருபவர்களை நான் திருப்பி அனுப்பிவிடுவேன். டயரில் சேர்க்கும் எண்ணெய்களிலும் கரியிலும் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய பல்வளைய ஹைட்ரோகார்பன்கள் இருக்கலாம். அரைப்பதால் அவை போய்விடாது.

‘மறுசுழற்சிப் பொருள்’ என்ற முத்திரையோடு கலவை வாங்குகிறீர்களா? எத்தனை சதவீதம் டயர் இருக்கிறது என்பதோடு நிற்காமல், முறியும்வரை எத்தனை சதவீதம் நீள்கிறது என்று கேளுங்கள். அந்தச் சோதனை அறிக்கையைத் தர மறுப்பவரிடம் நான் வாங்குவதில்லை.