வாசலில் நின்று பேசினால் மனம் மாறுமா?

அமெரிக்கப் பொதுத்தேர்தல்களில் வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்பது, விளம்பரம் போன்ற பிரசாரங்கள், யாருக்கு ஓட்டு என்ற முடிவை எவ்வளவு மாற்றுகின்றன? 49 களச் சோதனைகளைத் தொகுத்துப் பார்த்து, அரசியல் ஆய்வாளர்கள் ஜோஷுவா கல்லாவும் டேவிட் புரூக்மனும் 2018-இல் சொன்ன சராசரி விடை: பூஜ்யம்.

அதே இருவர் 2016-இல் வெளியிட்ட மயாமி ஆய்வின் முடிவு வேறு. திருநர்களைப் பாகுபாட்டிலிருந்து காக்கும் சட்டம் அங்கே புதிதாக வந்திருந்த சமயம். 56 பேர் கதவைத் தட்டிப் பேசியதில் 501 வாக்காளர்கள் ஆய்வுக்குள் வந்தார்கள். ஒரு பகுதியினரிடம் திருநர் பற்றிப் பேச்சு. ஒப்பீட்டுக்காக மற்றவர்களிடம் குப்பை மறுசுழற்சி பற்றி. சுமார் 10 நிமிடம்தான். வெறுப்பு குறைந்தது, 3 மாதம் கழித்தும் அந்தக் குறைவு நீடித்தது. இதே முறை பற்றி 2014-இல் வந்த ஓர் ஆய்வின் தரவு நம்பத்தக்கதல்ல என்று அம்பலப்படுத்தி, அது திரும்பப் பெறப்படக் காரணமானவர்களில் இவர்களும் உண்டு. ஆகவே இவர்கள் 'பலன் உண்டு' என்றால் அதற்குத் தனி எடை உண்டு.

2008-இல் கலிபோர்னியாவில் ஒருபாலினத் திருமணத்துக்கு எதிராக மக்கள் வாக்களித்த பிறகு, லாஸ் ஏஞ்சலிஸில் உருவானது இந்த முறை. முதலில், திருநர்களைக் காக்கும் சட்டத்தை ஆதரிக்கிறீர்களா என்று வாக்காளரிடம் கேட்டு, 0 முதல் 10 வரை ஓர் எண்ணாகச் சொல்லச் சொல்கிறார்கள். ஏன் அந்த எண் என்பது அடுத்த கேள்வி. வரும் பதில் எவ்வளவு கசந்தாலும் முகம் சுளிக்கக் கூடாது, திருத்தவும் கூடாது. பிறகுதான் மையமான கட்டம்: 'நீங்கள் வேறுபட்டவர் என்பதற்காக யாராவது உங்களைத் தாழ்வாக எடைபோட்டதுண்டா?' வாக்காளர் தன் அனுபவத்தைச் சொல்வார். வந்தவரும் தன்னுடையதைச் சொல்வார். அந்த வலியைத் திருநரின் நிலையோடு வாக்காளரே பொருத்திப் பார்க்க இடம் விட்டு, கடைசியில் எண்ணை மறுபடி கேட்கிறார்கள்.

எங்கே கெடும்? அனுபவங்களைச் சொல்லிக் கேட்கும் கட்டத்தை விட்டுவிட்டு வாதத்தை மட்டும் வைத்தால். 6,869 வாக்காளர்களோடு நடந்த 3 சோதனைகளைக் கல்லாவும் புரூக்மனும் 2020-இல் வெளியிட்டார்கள்: அனுபவப் பரிமாற்றம் இருந்த பேச்சின் விளைவு குறைந்தது 4 மாதம் நின்றது, அது இல்லாத பேச்சு எதையும் அசைக்கவில்லை. வாதத்தைக் கேட்பவர் உடனே மறுப்பைத் தேடுகிறார், தன்னைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதாக நினைக்கிறார். ஒருவர் பட்ட அவமானத்தைக் கேட்கும்போது மறுக்க அங்கே எதுவும் இல்லை.

மாற்றம் சிறியது என்பதையும் சொல்லியாக வேண்டும். அசைபவர்கள் சிலரே, பல கதவுகள் திறப்பதே இல்லை, பேசுபவருக்கு முன்பயிற்சியும் வேண்டும்.

கட்சிப் பகைக்கு மருந்து தேடுவோர் 2022-இல் எரிக் சாண்டோரோ, புரூக்மன் இருவரும் வெளியிட்ட ஆய்வையும் பார்க்க வேண்டும். எதிரெதிர்க் கட்சி ஆதரவாளர்களை வீடியோவில் பேசவிட்டார்கள். 'உங்களுக்கு மிகப் பிடித்தமான ஒரு நாள் எப்படி இருக்கும்' என்று பேசியவர்களிடையே பகை சட்டென்று தணிந்தது. கருத்து மோதும் விஷயங்களைப் பேசியவர்களிடம் அந்தத் தணிவு இல்லை. ஆனால் 3 மாதத்தில் முதல் குழுவினரின் நெருக்கமும் பெரும்பாலும் கரைந்துவிட்டது. எனவே ஊர் அளவில் இப்படிச் சந்திப்பு நடத்த நினைப்பவர்கள் முதல் கூட்டத்திலேயே அடுத்த கூட்டத்தின் தேதியைக் குறித்துவிடுவது நல்லது.