பாரம்பரியம்: சொல் விளக்கம்

‘பாரம்பரியம்’ என்று யாராவது சொன்னால் போதும், கேள்வி கேட்க வந்தவரும் வாயை மூடிக்கொள்கிறார். அவ்வளவு மதிப்பு இந்தச் சொல்லுக்கு. ஆனால், பிரித்துப் பார்த்தால் அந்த மதிப்புக்கான காரணம் உள்ளே இல்லை. வடமொழியில் ‘பரம்பரா’ என்றால் ஒன்றை அடுத்து ஒன்றாக வருவது. அதிலிருந்து பிறந்ததுதான் பாரம்பரியம். வருவது நல்லதா கெட்டதா என்று சொல் பேசவே இல்லை. சொத்தும் பரம்பரையாக வரும், நோயும் பரம்பரையாக வரும்.

தமிழில் இதற்கு ‘மரபு’ என்பார்கள். ஒரு பொருளை உயர்ந்தோர் எந்தச் சொல்லால் எப்படிச் சொன்னார்களோ அப்படியே சொல்வது மரபு என்கிறது நன்னூல். ‘உயர்ந்தோர்’ என்பதுதான் இங்கே முக்கியம். நாலு தலைமுறை செய்தது என்பதற்காக எதுவும் மரபாகிவிடாது. அதனால் தீங்கு செய்யும் ஒன்றை மரபு என்று அழைக்க எனக்கு மனம் வருவதில்லை. ‘வழிவழி வந்த பழக்கம்’ என்றால் போதும். பழையன கழிதலும் புதியன புகுதலும் வழு அல்ல என்று சொன்னதும் அதே நன்னூல்தான்.

கிறிஸ்தவர்கள் இந்தச் சொல்லை அதிகம் சந்திப்பது விவிலியத்தில். முன்னோர்களால் பாரம்பரியமாய் வந்த வீணான நடத்தையிலிருந்து நீங்கள் மீட்கப்பட்டீர்கள் என்று பேதுருவின் முதல் நிருபம் (1:18) சொல்கிறது. ‘முன்னோர்களால் பாரம்பரியமாய்’ என்பது கிரேக்க மூலத்தில் ஒரே சொல்: ‘பட்ரோபரடோடோஸ்’, தகப்பன்மார் கையளித்தது. இதில் உள்ள ‘கையளித்தல்’ என்ற வினையைத்தான் யூதாஸ் இயேசுவைக் காட்டிக்கொடுத்ததைச் சொல்லவும் நற்செய்தி நூல்கள் பயன்படுத்துகின்றன. ஒரு கையிலிருந்து மறு கைக்குப் போவது கொடையாகவும் இருக்கலாம், துரோகமாகவும் இருக்கலாம். அந்த வினையிலிருந்து பிறந்த பெயர்ச்சொல் ‘பரடோசிஸ்’; மாற்கு 7-இல் இயேசு கண்டிக்கும்போது அது தமிழில் பாரம்பரியம் ஆனது. அதே சொல் தெசலோனிக்கேயருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில் (2:15) நல்ல பொருளில் வரும்போது மொழிபெயர்த்தவர்கள் ‘முறைமை’ என்று மாற்றிக்கொண்டார்கள். நுட்பமான காது அவர்களுக்கு!

இனி ‘மீட்பு’. அடகு வைத்த நகையை மீட்கிறோம் அல்லவா, அந்த மீட்பேதான். நகை நம்முடையது, கடனில் சிக்கியிருந்தது, விலை கொடுத்துத் திரும்பப் பெறுகிறோம். தாத்தா அப்பாவை அடித்தார், அப்பா என்னை அடித்தார், அடித்து வளர்த்ததால்தான் உருப்பட்டோம் என்று சொல்லிக்கொண்டே ஒருவர் தன் பிள்ளைமேல் கை ஓங்குகிறார். அந்தக் கை பாதியில் நின்று, மெல்ல இறங்கினால், அதற்குப் பெயர் மீட்பு. அவர் தன் அப்பாவை வெறுக்க வேண்டியதில்லை. அப்பாவும் அதே அடகில் கிடந்தவர்தான். விசுவாசம் அவருக்குத் தருவது இன்னொரு தகப்பனை: ஓங்கிய கை இல்லாத தகப்பனை.

இது துணிச்சல்காரர்களுக்கு மட்டும் உரியது என்றும் நினைக்க வேண்டாம். நியாயாதிபதிகள் 6-இல் கிதியோன் தன் தகப்பன் பாகால் என்ற தெய்வத்துக்கு வைத்திருந்த பலிபீடத்தை இடித்தது இரவில். வீட்டாருக்கும் ஊராருக்கும் பயந்து, வேலைக்காரரில் பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு போய் இடித்தான். விடிந்ததும் ஊர் திரண்டு வந்து அவனைக் கொல்லக் கேட்டது. குறுக்கே நின்று மகனைக் காத்தவர் அவனுடைய தகப்பன் யோவாஸ். இடிந்த பலிபீடம் அவருடையது.