அடிமை, வியசனம், பிணிப்பு

தமிழக எல்லையை ஒட்டிய ஆந்திரத்து நகரி, புத்தூர் பக்கத்து வீடுகளில் எந்நேரமும் கைபேசியும் கையுமாக இருக்கும் பிள்ளையைத் தமிழில் திட்டும்போது ‘செல்லை நோண்டுகிறான்’ என்பார்கள். தெலுங்குக்கு மாறினால் அவன் செல்லுக்கு ‘பானிச’ ஆகிவிடுகிறான். கல்லூரிக்குப் போய் வந்தவர் வாயில் ‘அடிக்ட்’ ஆகிறான். ‘பானிச’ என்பதற்கு அடிமை என்று பொருள். தமிழில் பரவலாக எழுதப்படும் ‘இணைய அடிமைத்தனம்’ என்ற தொடரும் அதையே சொல்கிறது. எனக்கு இந்தச் சொல்லில் முழு நிறைவு இல்லை.

மூலத்தைப் பார்த்தால் மொழிபெயர்ப்பில் பிழை காண முடியாது. ‘அடிக்ஷன்’ என்பதன் வேரான இலத்தீன் வினைக்கு, தீர்ப்புச் சொல்லி ஒருவர் வசம் ஒப்படைத்தல் என்று பொருள். பழைய ரோமில் கடனைத் திருப்பித் தராதவனை நடுவர் கடன் கொடுத்தவனிடமே ஒப்படைத்துவிடுவார். அவ்வாறு ஒப்படைக்கப்பட்டவன் ‘அத்திக்தஸ்’ எனப்பட்டான். கி.மு. 5-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பன்னிரு பலகைச் சட்டம், அவனை வாராலோ விலங்காலோ பிணித்து 60 நாள் வைத்திருக்க இடம் கொடுத்தது. இச்சொல் 16-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தபோது ஒன்றில் தன்னை முழுவதும் ஈடுபடுத்திக்கொள்வது என்ற நல்ல பொருளும் அதற்கு இருந்தது. அபினி, மார்பின் ஆகியவற்றோடு சேர்ந்து நோய்ப் பெயராக அது நிலைபெற்றது 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான்.

இணையத்தோடு அது சேர்ந்த கதை வேடிக்கையானது. 1995-இல் நியூயார்க் மனநல மருத்துவர் இவான் கோல்ட்பர்க், மருத்துவக் கையேடுகளின் நடையைக் கேலி செய்வதற்காக ‘இணைய அடிமைக் கோளாறு’ என்று ஒரு நோயைக் கற்பித்து எழுதினார். படித்தவர்களில் சிலர் தமக்கு அந்நோய் இருப்பதாகவே நம்பினர். கேலியாகப் பிறந்த பெயருக்குள் உண்மையான துன்பமும் இருந்தது. அமெரிக்க உளவியலாளர் கிம்பர்லி யங் அதை ஆய்வுப் பொருளாக்கி, 20 வினாக்கள் கொண்ட அளவீடு ஒன்றையும் உருவாக்கினார். ஆயினும் 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த, உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலின் 11-ஆம் பதிப்பு, இணைய அடிமைத்தனத்தைத் தனி நோயாக ஏற்கவில்லை; கணினி, கைபேசி போன்றவற்றில் ஆடும் விளையாட்டுக் கோளாற்றை ஏற்றிருக்கிறது. கட்டுப்பாடு இழத்தல், மற்ற எல்லாவற்றையும்விட விளையாட்டை முன்னிறுத்தல், கேடு விளைந்த பின்னும் தொடர்தல் ஆகிய மூன்றும், பொதுவாக 12 மாத காலம், வாழ்க்கையைக் குலைக்கும் அளவில் காணப்பட வேண்டும் என்பது அதன் அளவுகோல். ஆகவே செல்லை நோண்டுகிற எல்லாரும் நோயாளிகள் அல்லர்.

மூன்றாவது அடையாளத்தை வள்ளுவர் சூது அதிகாரத்தின் கடைசிக் குறளிலேயே சொல்லிவிட்டார்: ‘இழத்தொறூஉம் காதலிக்கும் சூதேபோல்’. இழக்க இழக்க ஆசை கூடுகிறது. அதே அதிகாரம் சூதரை ‘ஒன்றெய்தி நூறிழக்கும்’ என்கிறது. விரலால் தள்ளத் தள்ள முடிவின்றி வரும் காணொளிகளின் சூட்சுமமும் அதுதான். பத்துச் சப்பையானவற்றுக்குப் பின் எப்போது வரும் என்று தெரியாமல் வருகிற ஒரு நல்ல காணொளியே, அடுத்ததையும் தள்ளச் சொல்கிறது. நகரியின் விசைத்தறிக் கூடத்தில் கண் திரைக்குப் போன நேரத்தில் பாவு இழை அறுந்தால், தறி நிற்காமல் ஓடிக்கொண்டிருக்க, துணியில் முழக் கணக்கில் குறை விழுந்துவிடும். கூலியில் அது தெரியும். மறுநாளும் செல் தறிக்குப் பக்கத்திலேயே இருக்கும்.

இத்தகைய நிலைக்கு ‘அடிமை’ பொருந்தவில்லை என்று நான் கருதக் காரணம் எங்கள் ஊருக்கு வடமேற்கே நிற்கும் மலை. ‘வழுவிலா அடிமை செய்ய வேண்டும் நாம்’ என்று நம்மாழ்வார் பாடியது அந்தத் திருவேங்கடத்தைப் பற்றித்தான். அடி என்ற பாதத்திலிருந்து பிறந்து, அடியார், அடியேன் என்று தானே விரும்பி ஏற்கும் தொண்டைக் குறித்த சொல் அது. விற்று வாங்கப்பட்ட மனிதரையும் அதே சொல் குறித்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. இரண்டு பொருளிலும் அது ஆளைச் சுட்டுகிறது, பழக்கத்தைச் சுட்டவில்லை. பதினைந்து வயதுப் பிள்ளையை அடிமை என்று அழைத்த பிறகு அவனோடு பேச என்ன இருக்கிறது?

தெலுங்கில் இன்னொரு சொல் உண்டு, ‘வியசனம்’. சூது, வேட்டை, மது போன்ற விடமுடியாத தீய பழக்கங்களுக்குச் சமஸ்கிருதம் வைத்த பெயர் அது. துன்பம் என்றும் அதற்குப் பொருள் உண்டு. தெலுங்கில் பழக்கப் பொருளும், தமிழின் ‘விசனப்படாதே’ என்பதில் துயரப் பொருளும் தங்கிவிட்டன. அழகான சொல்தான், ஆனால் தமிழில் அதை மீட்டுப் புழங்கினால் படிப்பவர் வருத்தம் என்றே கொள்வார்.

நான் எழுதும்போது ‘இணையப் பிணிப்பு’ என்கிறேன். பிணித்தல் என்றால் கட்டுதல். ‘பிணி’ கட்டையும் குறிக்கும், நோயையும் குறிக்கும். ‘கேட்டார்ப் பிணிக்கும்’ என்ற குறளில் வருவதுபோல, ஈர்த்து வைத்துக்கொள்ளும் ஆற்றலும் அச்சொல்லில் இருக்கிறது. ரோமானியக் கடனாளியின் வாரும் விலங்கும்கூட உள்ளே வந்துவிடுகின்றன. பாதிக்கப்பட்டவரைப் ‘பிணிப்புண்டவர்’ என்றும், சிகிச்சையைப் ‘பிணிப்பு நீக்கம்’ என்றும் சொல்ல இயல்கிறது. ஒரு தொல்லை உண்டு: எலும்பு முறிவுக் கட்டுக்குப் பெயர்போன புத்தூரில் இதை விளக்க, ‘கட்டு’ என்று தொடங்கினால், எந்தக் கையில் முறிவு என்று கேட்கிறார்கள்.