பழைய காரில் கொட்டும் காசெல்லாம் விலையில் ஏறாது

மறுபடியும் ஒருவர் எங்கள் பட்டறைக்கு வந்தார். கட்டி இழுத்து வந்த கார், பின்சீட் நிறைய கழற்றிப் போட்ட சாமான்கள். எந்த போல்ட் எங்கே இருந்தது என்று அவருக்கே தெரியாது. "பெயின்ட் மட்டும் அடிச்சுக் குடுங்க சார், பல மடங்கு விலைக்குப் போயிடும்." இந்த வரியைக் கேட்டுக் கேட்டு எனக்கு இப்போது கோபம்கூட வருவதில்லை, அலுப்புதான்.

பழசு என்பதற்காக மட்டும் ஒரு காருக்கு விலை வந்துவிடாது. 2022-ல் 1955-ஆம் வருஷத்து மெர்சிடிஸ் 300 எஸ்.எல்.ஆர். உலன்ஹாட் கூபே கார் ஒன்று 13.5 கோடி யூரோவுக்கு ஏலம் போனது. அந்தச் செய்தியை எனக்கு அனுப்பாத ஆளே இல்லை. அந்த வகையில் செய்யப்பட்டதே 2 கார்கள்தான் என்பதை மட்டும் யாரும் படிப்பதில்லை. அதே ஜெர்மனியில் பிறந்த ஃபோக்ஸ்வாகன் பீட்டில், 2003-ல் உற்பத்தி நிற்கும் வரை 2 கோடியே 10 லட்சத்துக்கும் மேல் வந்திருக்கிறது. அழகான வண்டிதான், எனக்கும் பிடிக்கும். ஆனால் இத்தனை வண்டி செய்திருக்கும்போது, சாதாரண பீட்டில் ஒன்றுக்குப் புதையல் விலை யார் தருவார்கள்?

இதைவிடப் பெரிய மயக்கம் ஒன்று இருக்கிறது. வாங்கின விலை, செய்த செலவு, மேலே கொஞ்சம் லாபம், ஆக விற்கும் விலை இவ்வளவு என்று கூட்டுகிறார்கள். வாங்க வருபவருக்கு உங்கள் பில்லைப் பற்றி என்ன கவலை? அதே மாடல், அதே வருஷம், நல்ல நிலையில் இப்போது என்ன விலைக்குக் கைமாறுகிறது என்றுதான் அவர் பார்ப்பார். அதற்கு மேல் ஒரு காசு ஏறாது. அதனால் கணக்கைக் கடைசியிலிருந்து தொடங்குங்கள். அந்த உச்ச விலையிலிருந்து டிங்கரிங், பெயின்ட், குரோம், குஷன், வயரிங், ரப்பர் பீடிங், டயர், வண்டி நிறுத்த வாடகை எல்லாவற்றையும் கழியுங்கள். மிஞ்சுவதுதான் நீங்கள் காருக்குக் கொடுக்கக்கூடிய தொகை. ஒன்றும் மிஞ்சவில்லையா? அப்படியானால் கார் சும்மா கிடைத்தாலும் நஷ்டம்தான். இன்னொன்று: நான்கு கதவு வண்டிக்கும், அதே கம்பெனியின் திறந்த மேல்மூடி வண்டிக்கும் துரு வெட்டி ஒட்டும் கூலி கிட்டத்தட்ட ஒன்றே. விலையில் மட்டும் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். பாடியை முழுதாகக் கழற்றிச் செய்கிற வேலை ஆயிரம் மணி நேரத்தைச் சாதாரணமாக விழுங்கிவிடும். அந்த மணி நேரத்துக்கு நீங்கள் கூலி போட்டீர்களா?

பார்க்கப் போகிறவர்கள் எல்லாரும் நேராக பானெட்டைத் திறந்து இன்ஜின் சத்தம் கேட்கிறார்கள். இன்ஜின் சின்ன தலைவலி. ரிங், பேரிங், வால்வு எல்லாம் லேத்தில் கொடுத்துச் சரிசெய்துவிடலாம். காசைத் தின்பது துரு. கீழே படுத்து, கதவுக்கு அடியில் நீளமாக ஓடும் சில் பகுதியில், துணி சுற்றிய காந்தத்தை நகர்த்திப் பாருங்கள். ஒட்டிக்கொண்டே வந்த காந்தம் ஓரிடத்தில் வழுக்கி விழுந்தால் அங்கே இருப்பது தகடு இல்லை, ஓட்டையை மூடப் பூசின பட்டி. ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டினால் 'டங்' என்று வராது, 'தொப்' என்று வரும். சுரண்டிப் பார்த்தால் உள்ளே கம்பி வலையும் கசக்கித் திணித்த காகிதமும் இருந்த வண்டிகள் எங்கள் கைக்கு வந்திருக்கின்றன. மேலே பெயின்ட் கண்ணாடி மாதிரி மின்னும்! தனி சேஸிஸ் (பாடியைத் தாங்கும் அடிச்சட்டம்) இல்லாத கார் என்றால் ஜாக்கி வைத்துத் தூக்கிக் கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். தரையில் ஒழுங்காக மூடின கதவு இப்போது இடித்தால், பாடியே வளைகிறது. பேரம் பேசாமல் கிளம்புங்கள்.

பணம் கைமாறும் முன் சேஸிஸ் எண்ணையும் இன்ஜின் எண்ணையும் பதிவு ஆவணத்தோடு நீங்களே ஒப்பிடுங்கள். தரகர் எழுதிக் கொடுத்த துண்டுச்சீட்டு ஆவணமாகாது. 17 இலக்க சேஸிஸ் எண் அமெரிக்காவிலேயே 1980-களின் தொடக்கத்தில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய வண்டியில் எண் குட்டையாக இருந்தால் பயப்பட வேண்டாம். தேய்த்து மறுபடி அடித்த தடம் தெரிந்தால்தான் பயப்பட வேண்டும்.

முதல் பெயின்ட், முதல் இன்ஜின், முதல் சீட் துணியோடு ஒரு வண்டி அதிர்ஷ்டவசமாகக் கிடைத்தால், தயவுசெய்து அதன் மேல் உப்புத்தாள் வைக்காதீர்கள். வெளுத்துப்போன அசல் பெயின்டுக்கென்றே கூடுதலாகக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். அதைச் சுரண்டிவிட்டு என்னிடம் வந்தால், புதுப் பெயின்ட் அடிக்கத்தான் என்னால் முடியும், பழையதைத் திருப்பித் தர முடியாது.

வீட்டிலேயே வேலை செய்பவர்களுக்குக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள், ஸ்டாண்டு வையுங்கள். பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். காற்றடித்துத் தூசியை ஊதவே கூடாது, ஈரத்துணியால் துடையுங்கள். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம், அதனால் தண்ணீர் போட்டுத்தான் தேய்க்க வேண்டும். துணி மாஸ்க் எதற்கும் போதாது. பல வருஷம் நின்ற இன்ஜினை வாங்கின அன்றே செல்ஃப் அடிக்காதீர்கள். பிளக்கைக் கழற்றி, சிலிண்டரில் கொஞ்சம் ஆயில் விட்டு ஊறவைத்து, கையால் சுற்றிப் பார்த்த பிறகுதான் மற்றது.

ஏற்கெனவே வாங்கிப் பாதி பிரித்துவிட்டீர்களா? இதற்கு மேல் ஒரு திருகைக்கூடக் கழற்றாதீர்கள். இருப்பதைப் போட்டோ எடுத்து, பைகளில் போட்டுப் பெயர் எழுதுங்கள். துருப்பிடித்த பழைய பம்பரையும் உடைந்த விளக்கு வளையத்தையும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். அதே மாடலை வைத்திருக்கும் ஒருவரைத் தேடி, இருக்கிற நிலையில் கிடைக்கிற விலைக்குக் கொடுத்துவிடுங்கள்.